ஆட்டுக்கு எட்டாத உயரம்

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப்
படம் எடுத்துக்கொண்டவர்கள்
மர்ஜூக் கடையில் சாத்துக்குடி குடிக்கிறார்கள்.
தம்ளருக்கு மூன்று பழம்,
ஆறு மூடித் தோல்.
சனி ஞாயிறென்றால் இரண்டு சாக்கு.
"இத வச்சு என்னதான் செய்றீங்க டீச்சர்?"
நான் டீச்சர் இல்லை.
நாலு வருடமாக ஆராய்ச்சி மாணவி,
எட்டு மாதமாக உதவித்தொகை வராதவள்.
ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் சாக்கு.
தெற்குவாடி வரை ஈக்கள் கூடவே வரும்.

தெற்குவாடியில் டெய்சன் பட்டறை.
செத்த பேட்டரியை உடைத்துத் தகட்டை உருக்கி
வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறார்.
கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி,
கழுவிய நீர் அதில் நிற்கும்
மேகத்தை ஒரு பிசிறில்லாமல் காட்டிக்கொண்டு.
கலங்கியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.
குழிக்கும் கடலுக்கும் நடுவே
நாற்பது தப்படி மணல்.
மணல் எதையும் பிடித்து வைக்காது.

தோலைத்தான் பிடித்து வைக்கச் சொல்கிறேன்.
கழுவி, மூன்று வெயில் காட்டி,
மாவுமில்காரர் மாட்டேன் என்றதால்
அம்மாவின் பழைய மிக்ஸியில் அரைத்து,
ரவைச் சல்லடையில் சலித்து,
சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி.
இனி ஈயம் ஏறி வந்தால்
உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்பு எழுந்து இடம் கொடுக்கும்.
அயனிப் பரிமாற்றம் என்கிறது புத்தகம்.
எனக்கோ ராமேஸ்வரம் பாசஞ்சரில்
கைக்குழந்தைக்காரிக்கு எழுந்து நிற்பவனின் ஞாபகம்.

காய்ச்சி வடித்த நீரில் செய்தபோது
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
கைடு அன்று டீ வாங்கித் தந்தார்.

டெய்சன் குழி நீரில்
நாற்பத்தொன்று.

புளிப்பு ஒருபக்கம், உப்பு ஒருபக்கம்.
இந்தத் தீவில் கிணறே பாதி கடல்.
பெட்டி முழுக்க ஆள் ஏறிவிட்டால்
ஈயம் பிளாட்பாரத்தில்தானே நிற்கும்?
சிப்பிச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்தேன்.
பொடியை இரட்டிப்பாக்கினேன்.
எழுபத்தெட்டு.
மதுரையிலிருந்து வாட்ஸாப்பில் வந்த எண்ணை
ஓடிப்போய்க் காட்டினேன்.
"மீதி இருபத்திரண்டு?" என்றார் டெய்சன்,
உருக்குச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன செவ்வாய்க்கிழமை
ஈயம் குடித்து முடித்த பொடியைக்
கொட்டகை ஓரம் சாக்கில் பரப்பியிருந்தேன்.
நிறம் மாறவில்லை.
முகர்ந்தால் இன்னும் கொஞ்சம் சாத்துக்குடி.
பெனடிக்டாவின் ஆடு,
கழுத்தில் மஞ்சள் ரிப்பன், வயிற்றில் குட்டி,
ஈரத்தவிடு என்று முகத்தை வைத்திருந்தது.
கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு குழியில்.
வாயைப் பிளந்து
விரலால் வழித்து வழித்து எடுத்தேன்.
கடித்துவிட்டது. பெனடிக்டாவும்
கடிக்காத குறைதான்:
"பழத்தோலுதானேடி! அதுகூட ஆகாதா?"

முந்தாநாள் வரை ஆகும், அக்கா.
இன்றைக்கு ஆகாது.

இப்போது அது நீல டிரம்மில்,
இரும்பு வளையம் பூட்டி,
டெய்சன் பட்டறைப் பரணில் இருக்கிறது.
"எப்ப எடுப்ப?" என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்.
இந்த மாவட்டத்தில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.
எங்கோ வடக்கே அனுப்ப வேண்டுமாம்.
லாரி வாடகை என் மூன்று மாத உதவித்தொகை,
அதாவது வராத மூன்று மாதம்.
ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம்
ஒன்றரைப் பக்கத்தில் நிற்கிறது.

ஆடு நேற்று குட்டி போட்டது. இரண்டு.
விடியுமுன் போய் வேலி ஓரம் நின்றேன்.
ஒன்று எழுந்துவிட்டது.
மற்றது முன்னங்காலை ஊன்றுவதும் சரிவதுமாக.
எல்லாக் குட்டியும் முதல்நாள் இப்படித்தானா?
யாரிடம் கேட்பது?
பால் செம்போடு வெளியே வந்த பெனடிக்டா
என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
விலை சொல்ல ஆரம்பித்தாள்.